தீப்பொறிக்கு என்ன விலை?

ஞாயிற்றுக்கிழமைக் காலை வேளையில் எமது வீட்டு முற்றத்திலே ஒரு சிறு சடங்கு நடைபெறுவது வழக்கம். வேப்பமர நிழலிலே பழஞ்சாக்கொன்றை விரித்து, மோட்டார் சைக்கிளை அதன் பக்கத்தில் நிறுத்தி, திருகாணி கழற்றும் கருவி இரண்டும் பழந்துணியும் கையுமாக நாம் அமர்ந்துவிடுவோம். ஒழுங்கையாற் போகும் அயலவர்கள், “மாஸ்ரர் இன்றைக்கும் பூசைக்கு இருந்துவிட்டார்” என்று தமக்குள்ளே சொல்லி நகைத்துச் செல்வதும் எமது செவியில் விழாமலில்லை.

சென்ற ஆவணி விடுமுறைக்கு முந்திய ஞாயிறன்று இந்தச் சடங்கின் நடுவே எமது மைந்தன் வந்து நின்றான். உயர்தர வகுப்பிலே பௌதிகவியல் கற்கும் பதினேழு வயதுப் பிள்ளை. கையிலிருந்த தொலைபேசியை எமது முகத்துக்கு நேரே நீட்டி, “அப்பா, இதைப் பாருங்கோ. இதைப் பூட்டினால் நீங்கள் இனி ஞாயிற்றுக்கிழமையிலை சாக்கு விரிக்கத் தேவையில்லை” என்றான்.

விளம்பரத்தைப் படித்தோம். பழைய வண்டிகளுக்குப் பூட்டும் இலத்திரனியல் எரிபற்றல் தொகுதி. விலை 18,500 ரூபா. வண்டியின் வலு கூடும், பெற்றோல் நூற்றுக்குப் பத்து வீதம் மிச்சப்படும், முதலுதையிலேயே எஞ்சின் இயங்கும், இனிப் பராமரிப்பே வேண்டாம் என்று வாக்குறுதிகள் வரிசையாக நின்றன. பிள்ளையின் கண்களிலே தெரிந்த ஆவலைக் கண்டதும் உடனே மறுத்துரைக்க எமக்கு மனம் வரவில்லை. விடுமுறையிலே அவனைப் பின்னிருக்கையில் ஏற்றிக்கொண்டு கண்டிக்கும் அங்கிருந்து நுவரெலியாவுக்கும் போய் வருவதாக முன்னரே வாக்களித்திருந்தோம். அதற்கென்று சிறுகச் சிறுகச் சேர்த்து வைத்த பணம் நாற்பதாயிரம் ரூபா அளவிலே இருந்தது. அதனுள் 18,500 ரூபாவைத் தீப்பொறிக்குக் கொடுத்துவிட்டால் பயணம் என்னாவது?

குசினி வாசலில் நின்று இவ்வளவையும் கேட்டுக்கொண்டிருந்த இல்லத்தரசியார், “இஞ்சாருங்கோ, தீப்பொறி இருக்கட்டும். பின் ரயரைப் பார்த்தனீங்களே? என்ரை உள்ளங்கையிலை அதைவிடக் கூட ரேகை இருக்கு” என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார். அந்த வார்த்தையின் பெறுமதி பின்னர்தான் எமக்கு விளங்கிற்று.

பொறி என்பது பலபொருள் ஒருசொல் என்று வகுப்பிலே மாணவருக்குச் சொல்லிக் கொடுப்பது எமது தொழில். இயந்திரமும் பொறி, தீத்துளியும் பொறி, கண், காது முதலிய ஐந்தும் பொறி, எலி பிடிக்க வைப்பதும் பொறியேயாம். கண்ணாகிய பொறிக்குத் தீப்பொறியைக் காட்டி, எமது பணப்பையைப் பிடிக்க வைத்த பொறியோ இது என்ற ஐயம் உள்ளத்தில் எழுந்தது. ஐயம் எழுந்தபின் ஆராயாமல் விடுவது ஆசிரியனுக்கு அழகன்று. ஆகவே அந்த ஆராய்ச்சியையும் அதன் பின் நடந்தவற்றையும் இவ்வாரம் வாசகர் முன் வைக்கின்றோம். பழைய வண்டியை வைத்துக்கொண்டு அதனைக் கொடுக்கவும் மனமின்றி, வைத்திருக்கவும் வசதியின்றித் தத்தளிப்போர் எம்மைப்போற் பலர் இருப்பர். 2020 மார்ச்சிலே வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டதன் பின், 2025இல் அது மீளத் தொடங்கும்வரை, பழைய வண்டிகளே இந்நாட்டின் வீதிகளைத் தாங்கி நின்றன என்பதை யாவரும் அறிவர்.

முதலில் எமது வண்டியின் வரலாற்றைச் சிறிது சொல்லவேண்டும். எழுபதுகளிலே செய்யப்பட்ட 125 சி.சி. ஹொண்டா அது, சிலிண்டர் இரண்டு, மின்சாரம் 6 வோல்ற்று. எமது தந்தையார் அஞ்சலகப் பணியில் இருந்த காலத்தில் வாங்கியது. 1990இல் போர் மீண்டும் மூண்டு, யாழ்ப்பாணக் குடாநாட்டுக்குப் பொருளாதாரத் தடை வந்தபோது எமக்குப் பன்னிரண்டு வயது. பெற்றோல் துளிக்கணக்கில் விலைபோன காலம் அது. சிறு போத்தலிலே பெற்றோலை அடைத்து, காபரேற்றரின் காற்றுவழியில் நாலைந்து துளி பீச்சி, ஓங்கி உதைத்து எஞ்சினை உயிர்ப்பித்து, பின்னர் மண்ணெண்ணெயில் ஓட்டிச் செல்லும் வித்தையை அன்று யாழ்ப்பாணத்து மக்கள் அனைவரும் கற்றிருந்தனர். வீதியெல்லாம் வெண்புகையும் மண்ணெண்ணெய் மணமும் கமழ்ந்தன.

மண்ணெண்ணெய் பெற்றோலைப்போல் எளிதிலே ஆவியாவதன்று. எனவே பொறி சிறிது நலிந்தாலும் எஞ்சின் அசையாது. பிளக்கோ இரண்டு நாளைக்குள் கரிபடிந்து கறுத்துவிடும். தந்தையார் கிழமைக்கிருமுறை பிளக்கைக் கழற்றித் துலக்குவார். பொயின்றை மெல்லிய அரத்தால் ஒருமுறை வருடி, தபாலட்டை ஓரத்தை இடையிலே கொடுத்து இழுத்து அழுக்கெடுப்பார். “பொறி நல்லா இருந்தால் தண்ணியிலும் ஓடும்” என்று அவர் சொல்வது மிகைதான். எனினும் அந்த ஐந்தாண்டுக் காலமும் எமது வண்டி ஒரு நாளாவது வழியில் நின்றதாக எமக்கு நினைவில்லை. எமது ஞாயிற்றுக்கிழமைச் சடங்கு அவரிடமிருந்து வந்த முதுசமாகும்.

இனி, அந்தப் பொயின்ற் என்பது யாது? அதன் தொழிலைச் சுருக்கமாகக் கூறுவோம். பற்றறியிலிருந்து வரும் மின்னோட்டம் கொயிலின் உட்சுற்றிலே பாய்ந்து அங்கே காந்தப்புலத்தை உண்டாக்குகின்றது. அந்த ஓட்டத்தைக் குறித்த கணத்திலே வெட்டிவிடும் கதவுதான் பொயின்ற். கதவு திறந்தவுடன் காந்தப்புலம் சரிந்து, கொயிலின் மறுசுற்றிலே பதினாயிரம் வோல்ற்றுக்கு மேற்பட்ட மின்னழுத்தம் பிறந்து, பிளக்கின் முனையிலே பொறியாகப் பாய்கின்றது. மின்காந்தத் தூண்டல் என்று எமது மைந்தன் பாடப்புத்தகத்திலே படிப்பது இதனைத்தான். கதவின் வாயிலிலேயே பொறி பறந்து பொயின்ற் தீய்ந்துபோகாமற் காப்பதற்குக் கொண்டென்சர் என்னும் சிறு உருளை ஒன்று பக்கத்தில் உண்டு. கொள்ளளவி என்பது அதற்குப் புத்தகப் பெயர். 1910ஐ ஒட்டிய காலத்திலே சார்ல்ஸ் கெற்றரிங் என்ற அமெரிக்கர் கடிலாக் காருக்காக அமைத்த முறை இது. எமது இரட்டைச் சிலிண்டர் வண்டியில் எஞ்சின் நிமிடத்துக்கு 6,000 முறை சுழலும்போது இந்தக் கதவும் 6,000 முறை திறந்து மூடுகின்றது; அதாவது நொடிக்கு நூறு முறை. நூறாண்டுக்கு முந்திய சூத்திரமொன்று இத்துணை வேகத்தில் உழைப்பதை எண்ணினால் வியப்புண்டாகாதோ?

உழைப்பது தேய்வது இயல்பு. பொயின்றின் அடியிலே சுழல்தண்டை உரசிக்கொண்டிருக்கும் நார்க்கட்டை நாளடைவிலே தேய்கின்றது. அது தேயத் தேயக் கதவு திறக்கும் இடைவெளி குறுகும். இடைவெளி குறுகினாற் பொறி பறக்கும் நேரம் பிந்தும். அரை மில்லிமீற்றருக்கும் குறைந்த இடைவெளியிலேதான் எல்லாம் தங்கியிருக்கின்றது. பொறி பிந்தினால் பெற்றோலின் வலுவில் ஒரு பங்கு சக்கரத்துக்குப் போகாமற் புகைக்குழாய் வழியே சூடாக வெளியேறும். ஓட்டுபவனுக்கு இது உடனே தெரிவதில்லை. நரைப்பது போல, இது மெல்ல மெல்ல வருவது.

இலத்திரனியல் தொகுதியிலே இந்தக் கதவு இல்லை. சுழலும் காந்தம் ஒன்று அருகிலுள்ள உணரிக்குச் சைகை காட்ட, திரான்சிஸ்டர் மின்னோட்டத்தை வெட்டுகின்றது. உரசுவது எதுவுமில்லை, ஆதலின் தேய்வதும் இல்லை. ஒருமுறை நேரம் அமைத்துவிட்டால் அது அசையாது. 1969இல் கவசாகி நிறுவனத்தார் தமது 500 சி.சி. வண்டியிலே பொயின்ற் இல்லாத எரிபற்றலை அமைத்து விற்றனர். எண்பதுகளின் முடிவுக்குள் ஏனைய பெருநிறுவனங்களும் புதிய வண்டிகளிற் பொயின்றைக் கைவிட்டன. ஆகவே புதுமுறை சிறந்ததா என்ற கேள்விக்கு இடமேயில்லை, சிறந்ததே. தொழிற்சாலையிலேயே அவ்வாறு பிறந்த வண்டி ஒன்று. ஐம்பது வயதுக் கிழவண்டிக்குப் பின்னர் புதுப்பல் கட்டுவது வேறொன்று. எமது கேள்வி பிந்தியதைப் பற்றியது.

கேள்விக்கு விடை காண எளிய வழியொன்றைக் கைக்கொண்டோம். தாங்கியை நிரப்பி, ஒரு கிழமை முழுவதும் கல்லூரிக்கும் சந்தைக்கும் ஓடி, மீண்டும் நிரப்பிக் கணக்கெடுத்தோம். லீற்றருக்கு 33 கிலோமீற்றர். வெட்கக்கேடு! தந்தையார் காலத்திலே நாற்பதுக்குக் குறைந்ததில்லை. சாக்கு விரித்து ஞாயிறுதோறும் அமர்ந்தோமே, செய்தது என்ன? துடைத்தோம், துலக்கினோம்; இடைவெளியை அளவுத் தகட்டினால் அளந்து எத்தனை மாதமாயிற்று என்று எண்ணிப் பார்த்தபோது எமக்கே விடை தெரியவில்லை. அளந்தபோது இருக்கவேண்டியதிற் பாதிகூட இல்லை. அதனைச் சரிசெய்து, பொறி நேரத்தை அமைத்து, காற்றுவடியைக் கழுவி, ரயர்களுக்குக் காற்றும் நிரப்பி மறு கிழமை ஓடினோம். லீற்றருக்கு 38 கிலோமீற்றர்! காற்றுவடிக்கும் ரயர்க் காற்றுக்கும் இதிற் பங்குண்டு. எல்லாப் புகழையும் பொயின்றுக்கே சூட்டுவது நேர்மையன்று. எனினும் செலவு ஒரு சதமுமில்லை.

விற்பனையாளர் சொல்லும் பத்து வீதம் எங்கிருந்து வருகின்றது என்பது இப்போது விளங்கிற்று. தேய்ந்து திரிந்த பொயின்றைக் கழற்றிவிட்டுப் புதுத் தொகுதியைப் பூட்டினால் மிச்சம் தெரியத்தான் செய்யும். நாம் கவலையீனத்தால் இழந்ததையே அது மீட்டுத் தருகின்றது. ஒழுங்காக அமைந்த பொயின்றோடு ஒப்பிட்டால் அந்த வேற்றுமை பெரும்பாலும் மறைந்துபோம். சிலிண்டருக்குள் இருக்கும் கலவையை ஒரு பொறி முழுவதும் எரித்துவிட்டதாயின், அதனிலும் பெரிய பொறி வேறெதனை எரிக்கப்போகின்றது?

எனினும் பத்து வீதத்தை மெய்யென்றே கொண்டு கணக்குப் பார்ப்போம். பெற்றோல் லீற்றர் 300 ரூபா என்று வைத்துக்கொண்டால், லீற்றருக்கு 38 கிலோமீற்றர் ஓடும் எமது வண்டிக்குக் கிலோமீற்றருக்கு 7 ரூபா 89 சதம் செலவாகும். அதிற் பத்து வீதம் 79 சதம். தொகுதியின் விலையோ 18,500 ரூபா என்றார்கள். ஆயின் எழுத்தின் அடியிலே சிறிய எழுத்தில் இருந்ததைப் பிள்ளைதான் கண்டு சொன்னான்: அது 12 வோல்ற்று வண்டிக்கு உரியது. எமது 6 வோல்ற்றை மாற்றவேண்டுமாயின் புதுப் பற்றறி 6,500, மின்னேற்றத்தை ஒழுங்குபடுத்தும் கருவி 4,000, விளக்குக் குமிழ்கள் 1,500, கூலி 3,000 என்று எமது மெக்கானிக் விரல் மடித்துக் கணக்குச் சொன்னார். ஆக மொத்தம் 33,500 ரூபா! 79 சதம் 79 சதமாக அதனைத் திரும்பப் பெறுவதற்கு ஏறத்தாழ 42,000 கிலோமீற்றர் ஓடவேண்டும். ஆண்டுக்கு 4,500 கிலோமீற்றர் ஓடும் எமக்கு அது ஒன்பதாண்டுக்கு மேற்பட்ட தவம்.

இங்கே ஓர் உண்மையை மறைக்காமற் சொல்லவேண்டும். 2022 ஆனியிலே ஒரு லீற்றர் பெற்றோல் 470 ரூபாவுக்கு ஏறிற்று. பின்னர் கியூஆர் முறை வந்தபோது மோட்டார் சைக்கிளுக்குக் கிழமைக்கு 4 லீற்றர்தான் கிடைத்தது. அக்காலத்திலே இந்த விளம்பரம் கண்ணிற் பட்டிருந்தால் கணக்கெதுவும் பாராமல் நாம் வாங்கியிருப்போம் என்பதில் ஐயமில்லை. வரிசையிலே இரவு முழுவதும் நின்ற மனிதனுக்குப் பத்து வீதம் என்பது இலக்கமன்று. ஒரு நாட் பயணம். தட்டுப்பாட்டுக் காலத்து அச்சம் தட்டுப்பாடு தீர்ந்தபின்னும் நெஞ்சை விட்டு அகலுவதில்லை. 1990இன் மண்ணெண்ணெய் மணமும் அவ்வாறே எமது நெஞ்சிலே இன்றும் இருக்கின்றது.

இல்லத்தரசியாரின் தீர்ப்பே இறுதியில் நின்றது. பின் ரயரும் ரியூப்பும் 12,500 ரூபாவுக்கு வாங்கினோம். எஞ்சின் எண்ணெய் மாற்றினோம். பிளக் இரண்டும் புதிது போட்டோம். நல்லூர்த் திருவிழாக் காலத்தில் ஊரைவிட்டுப் போவதா என்று எமது தாயார் முகஞ்சுழித்தார். தேருக்கு முதல்நாள் வந்துவிடுவோம் என்று வாக்குக் கொடுத்துவிட்டு, எலுமிச்சம்பழத்தைச் சில்லில் நசுக்கி, விடியற்காலை நாலரை மணிக்குப் புறப்பட்டோம்.

யாழ்ப்பாணத்திலிருந்து கண்டிக்கு ஏ9 வீதி 320 கிலோமீற்றர் அளவினது. எமது இளமையிலே அவ்வழி மூடப்பட்டுக் கிடந்தது. 2002இல் திறந்து, 2006 ஆவணியில் மீண்டும் மூடி, போர் முடிந்தபின் திறந்த வீதி. ஆனையிறவில் விடிந்தது, மாங்குளத்திலே தேநீர், மிகிந்தலைக்கப்பால் வெயில். மணிக்கு 50 கிலோமீற்றருக்கு மேல் ஓட்டுவதில்லை என்பது எமது விதி. அந்த வேகத்தில் எமது கிழவண்டி பெற்றோலை வீணாக்குவதுமில்லை, சூடேறி முனகுவதுமில்லை. அதே வண்டியை எழுபதுக்கு விரட்டினால் எந்தப் பொறியைப் பூட்டினாலும் மிச்சப்படாது. காற்றின் எதிர்ப்பு அத்தகையது.

கண்டியில் ஓரிரவு தங்கி, மறுநாள் றம்பொடை ஏற்றத்திலே இருவரைச் சுமந்துகொண்டு வண்டி மூச்சுத் திணறி ஏறிற்று. நுவரெலியா கடல்மட்டத்துக்கு மேல் 1,800 மீற்றருக்கு அதிகமான உயரம். அங்கே காற்று ஐதாகையால் காபரேற்றர் தரும் கலவையில் பெற்றோலின் பங்கு கூடிப் பிளக் கறுக்கும். எஞ்சின் மந்தமாவதைக் கண்டு பொறி பழுதென்று பலர் தவறாக முடிவு செய்வர். பிள்ளை பிளக்கைக் கழற்றிக் கரியைக் கண்டதும், “பொயின்றாலைதான், அப்பா” என்றான். காற்றின் குற்றம் என்பதை அவனுக்கு நாம் விளக்கியபோது அவன் நம்பாத முகத்தோடு கேட்டான். கண்டிக்கு இறங்கியபின் அதே பிளக் தானே வெளுத்ததைக் கண்டபிறகுதான் ஒப்புக்கொண்டான். றம்பொடை இறக்கத்திலே மழையும் பிடித்துக்கொண்டது. வளைவுக்கு வளைவு புது ரயர் வீதியைப் பற்றிப் பிடித்தபோது, வழவழத்த பழைய ரயரும் பளபளத்த புதுப்பொறியுமாக இந்த இறக்கத்தில் வந்திருந்தால் என்ற எண்ணம் ஒன்று முதுகிலே குளிர்ந்தது. பின்னிருக்கையில் இருந்தது எமது ஒரே பிள்ளை.

திரும்பும் வழியிலேதான் சோதனை. மாத்தளை கடந்து நாவுலைக்கு அண்மையில் வரும்போது எஞ்சின் இருமத் தொடங்கிற்று, பின்னர் அடங்கிவிட்டது. ஆறவிட்டு உதைத்தால் சிறிது ஓடும். சூடேறினால் மறுபடி நிற்கும். மூடியைக் கழற்றிப் பார்த்தால் பொயின்றின் வாயிலே நீலநிறத்திற் பெரிய பொறி. பிளக்கிலோ மெலிந்த மஞ்சட் பொறி. கொண்டென்சர் செத்துவிட்டது என்பதற்கு இதைவிட அடையாளம் வேண்டியதில்லை. பெட்டியிலே பொயின்ற் உண்டு, பிளக் உண்டு. கொண்டென்சர் மட்டும் இல்லை! இருபத்தைந்தாண்டு அனுபவம் உள்ளவன் செய்த மடமையைப் பாருங்கள். பொயின்ற் மெல்லச் சாகும். கொண்டென்சரோ சொல்லாமற் சாகும். மேலதிகமாக எடுத்துச் செல்லவேண்டியது பின்னதைத்தான்.

“இலத்திரனியல் பூட்டியிருந்தால் கொண்டென்சரே இல்லை, அப்பா” என்று பிள்ளை மெல்லச் சொன்னான். அவன் சொன்னது முற்றிலும் உண்மை. மறுமொழி சொல்ல எம்மிடம் எதுவும் இருக்கவில்லை. மறுநாள் மாலைக்குள் ஊர் சேராவிட்டால் தாயாரின் முகத்தில் எப்படி விழிப்பது என்ற கவலை வேறு.

இருவருமாக வண்டியை ஒன்றரைக் கிலோமீற்றர் தள்ளிச் சென்று சிறிய கராஜ் ஒன்றைக் கண்டோம். சிங்கள முதியவர் ஒருவர் இருந்தார். எமது சிங்களம் நொண்டும். அவருக்குத் தமிழ் இல்லை. ஆயினும் பொயின்றைச் சுட்டிக் காட்டியதும் அவர் முகம் மலர்ந்தது. பிஸ்கற் பேணி ஒன்றைக் கவிழ்த்தார். உள்ளே பழைய கொண்டென்சர்கள் பத்துப் பன்னிரண்டு. அவற்றுள் ஒன்றை எடுத்து, “மொறிஸ் மைனர்” என்றார். காரிலிருந்து கழற்றியது! அதனைத் தாங்கியின் அடியிலே கம்பியாற் கட்டி, வயரைப் பொயின்றுக்கு இணைத்துவிட்டு, “உதையுங்கள், மாத்தயா” என்று சைகை காட்டினார். இரண்டாம் உதையிலே எஞ்சின் பாடிற்று. இருநூறு ரூபாவுக்கு மேல் வாங்க மறுத்துவிட்டார். அந்த மொறிஸ் மைனர்க் கொண்டென்சர் நாவுலையிலிருந்து யாழ்ப்பாணம்வரை வந்தது. இன்றும் பெட்டியிலே இருக்கின்றது. தேருக்கு முதல்நாள் மாலை விளக்கேற்றும் நேரத்திலே வீடு சேர்ந்தோம்.

வந்ததும் கணக்கைப் பார்த்தோம். ஓடிய தூரம் 812 கிலோமீற்றர். பெற்றோல் 21 லீற்றர், 6,300 ரூபா. எண்ணெய் 2,500, பிளக் 1,400, ரயர் 12,500, தங்குமிடம் இரண்டிரவுக்கும் 7,000, உணவு 6,200, பேராதனைப் பூங்காவும் சில்லறையும் முதியவருக்குக் கொடுத்ததும் சேர்த்து 1,500. கூட்டினால் 37,400 ரூபா. இதிற் பெற்றோல் ஆறில் ஒரு பங்கு! சுற்றுப்பயணம் என்றதும் எல்லோரும் முதலிற் கேட்பது “எவ்வளவு பெற்றோல் குடிக்கும்?” என்பதே. எம்மைக் குடித்தது பெற்றோலன்று. ரயரின் முழு விலையையும் இந்தப் பயணத்தின் தலையிலே சுமத்துவது முறையன்று என்று வாசகர் வாதாடலாம், நியாயமே. 12,000 கிலோமீற்றர் உழைக்கும் ரயருக்கு இந்தப் பயணத்தின் பங்கு 850 ரூபாதான். அப்படிப் பார்த்தாலும் பெற்றோல் நாலில் ஒன்றைத் தாண்டாது. புதுத் தொகுதியைப் பூட்டி, பத்து வீதமும் மிச்சமாகியிருந்தால் எமக்குக் கிடைத்திருப்பது 630 ரூபா. நாம் இருவரும் தம்புள்ளையிற் பகலுணவுக்குக் கொடுத்ததை விடக் குறைவு.

இனி மறுபக்கத்தையும் சொல்லாமல் விடலாகாது. எமது நண்பர்கள் இருவர் இத்தகைய தொகுதியைப் பூட்டியிருக்கின்றனர். ஒருவருடையது நாலாண்டாகத் திறந்து பார்க்கும் தேவையே இன்றி ஓடுகின்றது. அவர் எம்மைக் காணும்போதெல்லாம் புன்னகை புரிகின்றார். மற்றவருடையது, மன்னாருக்குப் போகும் ஏ32 வீதியிலே, பூநகரிக்கு அப்பால் வீடு வாசல் இல்லாத இடத்தில், முன்னறிவிப்பெதுவும் இன்றி மடிந்துவிட்டது. உள்ளே பிசினால் வார்த்து மூடிய பெட்டி. அரமும் தபாலட்டையும் அங்கே என்ன செய்யும்? லொறி பிடித்து வண்டியை ஊருக்குக் கொண்டுவர அவர் கொடுத்த கூலி தொகுதியின் விலையிற் பாதிக்கு மேலாயிற்று. பற்றறி நலிந்து மின்னழுத்தம் விழுந்தாலும் இவற்றிற் சில தொகுதிகள் தடுமாறும். பொயின்றோ விளக்கு மங்கும் நிலையிலும் எப்படியோ ஒரு பொறியைக் கொடுத்துவிடும்.

எமது மெக்கானிக்கிடம் தீர்ப்புக் கேட்டோம். அவர் வார்த்தையை வீணாக்காதவர். “மாஸ்ரர், தண்டு ஆடுதெண்டால் பூட்டுங்கோ. ஆடாட்டி விடுங்கோ” என்றார். பொயின்றைத் திறக்கும் சுழல்தண்டு தேய்ந்து ஆட்டங் கண்டுவிட்டால் இடைவெளி ஒரு சுற்றுக்கு ஒரு விதமாகும். எத்தனை முறை அளந்தாலும் நில்லாது. அத்தகைய வண்டிக்குப் புதுத்தொகுதி உண்மையிலேயே மருந்து. நல்ல பொயின்ற் கிடைக்காமல், ஆயிரம் கிலோமீற்றருக்குள் நார்க்கட்டை தேய்ந்துபோகும் போலிகளையே வாங்க நேர்பவருக்கும் அது தகும். சாக்கு விரித்து அமரப் பொழுதோ பொறுமையோ இல்லாதவரும் வாங்கட்டும். வாங்குவோர் வோல்ற்றைப் பார்த்து வாங்குக. பழைய பொயின்றுத் தட்டைக் கழற்றியபடியே துணியிற் சுற்றிப் பயணப் பெட்டியில் வைத்துக்கொள்க. வழியில் புதியது மடிந்தால் பழையதைப் பூட்டிக்கொண்டு வீடு வரலாம். எமது நண்பர் அதனை எறிந்துவிட்டிருந்தார்.

எமது வண்டியின் தண்டு ஆடவில்லை. ஆகவே நல்ல கொண்டென்சர் இரண்டு வாங்கினோம். ஒன்றைப் பூட்டி மற்றதைப் பெட்டியில் வைத்தோம்.

சென்ற ஞாயிறன்று சாக்கிலே அமர்ந்தது நாமன்று. பிள்ளை அளவுத் தகட்டை இடையிலே செலுத்தி, திருகாணியை இறுக்கி, மறுபடி அளந்து, இறுக்கும்போது இடைவெளி மாறிவிட்டதைக் கண்டு சலித்து, மூன்றாம் முறையிலே சரிப்படுத்தினான். நாம் பக்கத்திலே கதிரை போட்டுத் தேநீர் அருந்தினோம். வண்டி முதலுதையில் இயங்கவில்லை. இரண்டாம் உதையில் இயங்கிற்று. கையைத் துடைத்துக்கொண்டு தொலைபேசியை எடுத்துப் பார்த்தவன், “அப்பா, அந்தத் தொகுதி இப்ப 19,200 ஆயிட்டுது” என்றான். அவன் அதனை இன்னும் பார்த்துக்கொண்டுதான் இருக்கின்றான்.